பத்து பிக் பிளைண்டுக்குக் கீழே வந்த பிறகு

ஜூன் 2, இரவு

போக்கர் ஆடும் ஒரு வாசகர் கேட்டதை அப்படியே தருகிறேன். புதியவர்களுக்கு முதலில் சில சொற்கள்: ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் என்பவை ஒவ்வொரு கையிலும் இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் பந்தயம், அந்த இடத்துக்கும் அதே பெயர். ஆன்டி அதற்கு மேல் வைக்கும் கட்டாயத் தொகை. ஃபோல்டு, அதாவது 'போடுவது', சீட்டைக் கைவிடுவது. கால், எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பது. ஆல்-இன், அதாவது 'தள்ளுவது', இருக்கும் சிப்ஸ் முழுவதையும் வைப்பது. ஸ்டாக் கையிருப்பு சிப்ஸ், அது குறைந்தால் ஷார்ட் ஸ்டாக். பட்டன் பிளைண்டுகளுக்கு முந்தைய இடம், கட்-ஆஃப் அதற்கும் முந்தையது. சூட் என்பது ஹார்ட், ஸ்பேட் போன்ற சீட்டு வகை. இனி வாசகர்:

"டோர்னமென்ட்டில் 18 பேர் மிச்சம், 15 பேருக்குப் பரிசு. பிளைண்ட் 2,000/4,000, பிக் பிளைண்டில் இருப்பவர் 4,000 ஆன்டியும் போட வேண்டும். ஒன்பது பேர் மேசை, என்னிடம் 38,000. கட்-ஆஃபில் ஒரே சூட்டில் ஜாக்-10 வந்தது, எனக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்டு. நானும் சீட்டைப் போட்டுவிட்டேன். அடுத்த இரண்டு சுற்று உருப்படியாக எதுவும் வரவில்லை. 18,000 ஆனதும் ஏஸ்-9 வந்தது, ஆல்-இன் போனேன். பிக் பிளைண்டில் இருந்தவர் குயின்-7 வைத்துக்கொண்டு கால் செய்தார், 7 விழுந்தது, 17-ஆவது ஆளாக வெளியே வந்தேன். ஷார்ட் ஸ்டாக் ஆன பிறகு கொக்கு மாதிரி உறுமீனுக்குக் காத்திருப்பதுதான் ஒரே வழி. நான் செய்தது சரி, சீட்டுதான் சதி செய்தது. குயின்-7-ஐ வைத்துக் கால் செய்கிற ஆளிடம் என்ன செய்ய முடியும்?"

ஜூன் 3, காலை

சீட்டு சதி செய்யவில்லை. குயின்-7-ஐ வைத்துக் கால் செய்தவர் தப்பும் செய்யவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண் நேராக அந்த ஜாக்-10-க்குத்தான் போனது. வெளியே போனது ஏஸ்-9-இல் என்பதால் அதுதான் உங்கள் மனதில் நிற்கிறது. ஆனால் டோர்னமென்ட் கைநழுவியது அதற்குப் பதினெட்டு கை முன்னால், இரண்டு சீட்டைச் சத்தமில்லாமல் டீலர் பக்கம் நகர்த்தினீர்களே, அப்போது.

கொக்கு நிற்கிற குளத்தில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. நம் குளம் ஒவ்வொரு சுற்றுக்கும் வற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை பிக் பிளைண்ட் என்று வைத்தால், ஒன்பதரை வைத்திருப்பவர் ஆறு சுற்று உட்காரலாம். உட்காரலாம், ஆனால் பாதி வழியிலேயே அவர் ஆல்-இன் என்று சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

உறுமீன் எத்தனை தடவை வரும் என்று பாருங்கள். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங், இவ்வளவுதான் உறுமீன் என்றால், மொத்தம் 1,326 சேர்க்கைகளில் இவை 34. சராசரியாக 39 கைக்கு ஒரு தடவை. ஒன்பது கைக்குள் இவற்றில் ஒன்று வர 21 சதவீதம், பதினெட்டு கைக்குள் 37 சதவீதம். அதாவது நீங்கள் காத்திருந்த மாதிரி இரண்டு சுற்று காத்திருந்தால், பத்தில் ஆறு தடவைக்கு மேல் பிளைண்ட்தான் கரையும், மீன் வராது. வந்தாலும் எல்லோரும் ஃபோல்டு செய்துவிட்டால் பிளைண்டும் ஆன்டியும்தான் மிச்சம். அதை ஜாக்-10 வைத்தே எடுத்திருக்கலாம்.

பத்து பிக் பிளைண்ட் ஸ்டாக்கின் மதிப்பில் பெரும்பங்கு கையில் இருக்கிற சீட்டில் இல்லை. எதிரில் இருப்பவரைச் சீட்டைப் போட வைக்க முடிகிறதே, அதில் இருக்கிறது. காத்திருக்கக் காத்திருக்க முதலில் தேய்வது அதுதான். சிப்ஸ் அதற்கு அப்புறம்தான் தீர்கிறது.

ஜூன் 3, மதியம்

காலையில் எழுதியதில் ஒரு பிழை. ஆன்டியை விட்டுவிட்டேன். 2,000 + 4,000 + 4,000, ஒரு சுற்றுக்குப் போவது 10,000, அதாவது இரண்டரை பிக் பிளைண்ட். இரண்டு சுற்றில் 38,000 என்பது 18,000 ஆனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைப் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆக ஆறு சுற்று கிடையாது, நான்கு சுற்றுகூட முழுசாக இல்லை. கையில் இருப்பதை ஒரு சுற்றின் செலவால் வகுத்தால் வருவதை எம் என்பார்கள். பேக்கேமன் ஆட்டக்காரர் பால் மக்ரியல் கொண்டுவந்த கணக்கு, 1995-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் அதைப் பரப்பினார். உங்கள் எம் 3.8. ஹாரிங்டனின் கணக்கில் ஐந்துக்குக் கீழே சிவப்பு மண்டலம், தள்ளு அல்லது போடு, இடையில் ஒன்றும் இல்லை.

முன்பு ஆன்டியை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டோம். இப்போது பெரும்பாலும் பிக் பிளைண்டில் இருப்பவரே மேசைக்கும் சேர்த்துப் போடுகிறார். அதனால் மேசையில் ஆறு பேரே இருந்தாலும் சுற்றுக்கு இரண்டரைதான், ஆனால் அந்தச் சுற்று ஆறே கையில் வந்துவிடுகிறது. ஆள் குறையக் குறைய அவசரம் கூடும்.

ஜூன் 4, இரவு

"ஜாக்-10 வைத்து ஆல்-இன்னா, யாராவது கால் செய்தால் நான் பின்தங்கித்தானே இருப்பேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், பின்தங்கித்தான் இருப்பீர்கள். அப்படி இருந்தும் லாபம்.

நடுவில் கிடப்பது 10,000. உங்களுக்குப் பின்னால் மூன்று பேர்: பட்டன், ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். மூவரும் சீட்டைப் போட்டால் 38,000 என்பது 48,000 ஆகிறது. ஒரு சீட்டும் திறக்காமல் ஸ்டாக் கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டது. பிக் பிளைண்ட் கால் செய்கிறார் என்று வையுங்கள். நடுவில் சேர்வது 38,000 இரண்டு, ஸ்மால் பிளைண்ட் விட்டுப்போன 2,000, ஆன்டி 4,000, மொத்தம் 82,000. அங்கே ஜாக்-10-க்கு 35 சதவீதம்தான் வாய்ப்பு என்று கஞ்சத்தனமாகவே வைத்தாலும் சராசரியாக 28,700 திரும்புகிறது. இழப்பு 9,300.

ஒருபக்கம் 10,000 வரவு, மறுபக்கம் 9,300 இழப்பு. பாதிக்குப் பாதி ஃபோல்டு வந்தாலே கைக்காசு போகாது. பின்னால் இருக்கும் ஒவ்வொருவரும் 15 சதவீதக் கைகளோடு கால் செய்வார் என்றால் மூவரும் போட 61 சதவீதம். கணக்குப் போட்டால் இந்தத் தள்ளல் சராசரியாக 2,550 சிப்ஸ் சேர்க்கிறது, அரை பிக் பிளைண்டுக்கு மேல். 20 சதவீதத்தோடு கால் செய்கிற தைரியசாலிகள் என்றால்கூட 580 போல மிச்சம். நீங்கள் ஃபோல்டு செய்தது தப்பித்தது போலத் தோன்றினாலும், அங்கே 2,500 சிப்ஸை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இப்போது ஏஸ்-9. உங்களிடம் 18,000. பிக் பிளைண்டில் ஏற்கெனவே 4,000 இருக்கிறது, அவர் இன்னும் போட வேண்டியது 14,000, நடுவில் இருப்பது 28,000. ஒன்றுக்கு இரண்டு. மூன்றில் ஒரு தடவை ஜெயித்தால் போதும் என்று நீங்களே அவருக்கு விலை சொல்லிவிட்டீர்கள், குயின்-7-க்கு அந்த விலை தாராளம். அந்த நேரத்தில் ஏஸ்-9 அறுபது சதவீதத்துக்கு மேல் முன்னால்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மீதிச் சதவீதத்தோடு சண்டை போட வேண்டிய இடத்துக்கு நீங்களாகத்தான் நடந்து போனீர்கள்.

ஜூன் 4, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இதே வியாதி எனக்கும் இருந்தது. ஒரு டோர்னமென்ட்டில் கடைசி இரண்டு மேசைக்கு 14 பிக் பிளைண்டோடு வந்தேன். கிங்-9 வந்தது, போட்டேன். 5 ஜோடி வந்தது, எனக்குப் பின்னால் நான்கு பேர் இருக்கிறார்களே என்று போட்டேன். ஏஸ்-4 வந்தது, ஏஸ் சின்னது என்று போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. பிளைண்ட் ஒரு தடவை ஏறியது. மூன்று பிக் பிளைண்ட் மிச்சம் இருக்கும்போது கிங்-குயின் வந்தது. எனக்குள் ஒரு நிம்மதி, இதற்காகத்தானே இவ்வளவு நேரம் என்று. தள்ளினேன்.

பிக் பிளைண்டில் இருந்தவர் தன் சீட்டைத் தொடவே இல்லை. என் குவியலை ஒரு பார்வை பார்த்தார், கட்டைவிரலால் தன் அடுக்கிலிருந்து இரண்டு சிப்பை உரித்தார், ஒன்றின்மேல் ஒன்று டக்கென்று விழுந்தது, அதற்கு அப்புறம்தான் சீட்டைத் திருப்பினார். 8-5. மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டிலேயே 8.

அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் வீடு போகும்வரை தீரவில்லை. அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவர் போட வேண்டியது இரண்டு, நடுவில் இருந்தது ஐந்தரை. 27 சதவீதம் இருந்தால் போதும். இருப்பதிலேயே மோசமான கையான 3-2 கூட, என்னவென்று தெரியாத இரண்டு சீட்டுக்கு எதிராக 32 சதவீதம் ஜெயிக்கும். அவர் எதற்குச் சீட்டைப் பார்க்க வேண்டும்? என் கிங்-குயின் அன்று அவருக்கு முன்னால் வெறும் ஒரு விலைச்சீட்டு.

ஜெயித்திருந்தாலும் ஏழரை பிக் பிளைண்ட்தான் கிடைத்திருக்கும். அரைமணி நேரம் முன்பு கிங்-9-ஐப் போட்டபோது என்னிடம் இருந்ததில் பாதி. இந்த ஒன்றுதான் என்னை மாற்றியது.

ஜூன் 6

எந்தச் சீட்டுகளைத் தள்ளுவது என்று ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். தள்ளு-போடு அட்டவணைகள் நிறைய இருக்கின்றன, நாஷ் சமநிலையை (யாரும் தன் ஆட்டத்தை மட்டும் மாற்றி லாபம் காண முடியாத நிலையை) வைத்துக் கணக்கிட்டவை, அவற்றைப் பாருங்கள். இருவர் மட்டும் மிச்சமிருக்கும்போது பத்து பிக் பிளைண்டோடு ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் பாதிக்கு மேற்பட்ட கைகளைத் தள்ளலாம் என்று அட்டவணையில் பார்த்த அன்று நான் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் நம் பயம் எவ்வளவு பெரியது என்று அது அளந்து காட்டும்.

ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் இடறுகிறோம். ஏஸ்-2 வந்தால் கை தானாகத் தள்ளுகிறது, ஒரே சூட் ஜாக்-10 வந்தால் யோசிக்கிறது. யார் கால் செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய ஏஸ் வைத்திருப்பவர், ஜோடி வைத்திருப்பவர். ஏஸ்-2 பெரிய ஏஸிடம் மாட்டினால் ஏறக்குறைய நான்கில் ஒரு தடவைதான் தப்பிக்கும். ஒரே சூட் ஜாக்-10 ஏஸ்-கிங்கிடம் மாட்டினாலும் நாற்பது சதவீதம் போல உயிரோடு இருக்கும், ஏனென்றால் அதன் இரண்டு சீட்டும் இன்னும் கட்டில் தாராளமாக இருக்கின்றன.

ஏஸுக்கு வேறொரு பலம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நம் கையில் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகின்றன, ஏஸ்-கிங் பதினாறிலிருந்து பன்னிரண்டாகிறது. கால் வருவதையே அது குறைக்கிறது. அதனால் இரண்டும் தள்ளக்கூடியவைதான். ஒன்று கால் வராமல் பார்த்துக்கொள்கிறது, மற்றது கால் வந்தால் தாங்குகிறது.

ஜூன் 7

சீட்டைப் பார்க்கும் முன் இடதுபக்கம் பாருங்கள். நேரில் ஆடும்போது இது இலவசமாகக் கிடைக்கிறது. போடப்போகிறவர் பலர் தன் முறை வருவதற்கு முன்பே சீட்டை விரலிடுக்கில் தூக்கிவிடுகிறார்கள்.

அப்புறம் முதலில் தள்ளுகிறவராக இருங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால், அதாவது பந்தயத்தை உயர்த்திவிட்டால், அதே ஜாக்-10 குப்பைக்குத்தான் போக வேண்டும்.

ஜூன் 9

வாசகரின் கேள்வியில் பெரிய ஒன்றை நான் கடந்துபோய்விட்டேன். 18 பேர், 15 பேருக்குப் பரிசு. பபிள், அதாவது பரிசுக்கு ஒரு படி முன்னால் வெளியேறும் இடம், பக்கத்தில் இருக்கிறது. ஜூன் 4 கணக்கு முழுக்க சிப்ஸ் கணக்கு, பரிசுக் கணக்கு இல்லை. இரண்டும் ஒன்றில்லை என்பதை ஐசிஎம் என்கிற, சிப்ஸைப் பரிசுப் பங்காக மாற்றும் கணக்கை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனையாவதாக வரும் என்று 1973-இல் புள்ளியியலாளர் ஹார்வில் போட்ட கணக்கின் வழியில் வந்தது இது.

எளிமையான ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் மிச்சம், மூவருக்குப் பரிசு: 50, 30, 20. நால்வரிடமும் சமமான சிப்ஸ். ஆளுக்கு 25 மதிப்பு. ஒருவர் ஆல்-இன், நீங்கள் கால் செய்து ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகும், ஆனால் உங்கள் பங்கு 50 ஆகாது, 38.33 தான் ஆகும். தோற்றால் பூஜ்யம். 25-ஐ வைத்து 38.33-க்கு ஆடுகிறீர்கள், பிளைண்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 65 சதவீதம் ஜெயிக்க வேண்டும். சூட் சேராத ஏஸ்-கிங், என்ன என்றே தெரியாத எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக எவ்வளவு ஜெயிக்கும் தெரியுமா? அதே 65. கண்ணை மூடிக்கொண்டு எதையும் தள்ளுகிற ஒருவருக்கு எதிராகவே ஏஸ்-கிங் விளிம்பில்தான் நிற்கிறது.

இதை முதல் தடவை கணக்குப் போட்டபோது மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன், எங்கேயோ தப்பு என்று. தப்பு இல்லை. தள்ளுகிறவருக்கும் கால் செய்கிறவருக்கும் பபிளில் இவ்வளவு தூரம். ஏஸ்-கிங்கைப் போட வைக்கிற பலம் தள்ளுகிறவர் கையில் இருக்கிறது. அதனால் பபிள் பக்கத்தில் இருந்தது உங்கள் ஜாக்-10-ஐத் தள்ளாமல் இருக்கக் காரணமாகாது, பின்னால் இருந்த மூவர் யார் என்று பார்க்கத்தான் காரணம்.

யாரைக் குறிவைப்பது? நடுத்தர ஸ்டாக்கை. அவரிடம் இழக்க நிறைய இருக்கிறது, பரிசும் கண்ணில் படுகிறது. மலை போல வைத்திருப்பவருக்கு உங்கள் 38,000 ஒரு சில்லறை, அவர் சும்மா பார்க்கலாமே என்று கால் செய்வார். உங்களைவிடச் சின்னவர் எப்படியும் எதையாவது வைத்து நிற்க வேண்டியவர். இந்த இருவர் பிக் பிளைண்டில் இருந்தால் ஜாக்-10-ஐப் போட்டதை நானும் ஒத்துக்கொள்வேன். நீங்கள் அதை எழுதவில்லை.

ஜூன் 10

"காத்திருக்கவே கூடாது என்கிறீர்களா" என்று ஒரு நண்பர் நேரில் கேட்டார். நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காத்திருக்காமல் நான் கெட்ட கதையும் ஒன்று உண்டு.

இறுதி மேசை, ஐந்து பேர். என்னிடம் ஏழு பிக் பிளைண்ட், நான் பட்டனில். முதலில் ஆட வேண்டியவரிடம் ஒன்றரை பிக் பிளைண்ட்தான் இருந்தது, அவர் போட்டுவிட்டார். அடுத்த கையில் அவர்தான் பிக் பிளைண்ட், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சிப்ஸ் உள்ளே போயாக வேண்டும். எனக்குக் கிங்-8. மேலே நான் இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்ன அதே பாடத்தை ஒப்பித்துக்கொண்டு தள்ளினேன். ஸ்மால் பிளைண்டில் இருந்த பெரிய ஸ்டாக் ஏஸ்-ஜாக்கோடு கால் செய்தார். நான் ஐந்தாவது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கையில் அந்த ஒன்றரை பிக் பிளைண்ட்காரரும் வெளியே வந்துவிட்டார். அவர் நான்காவது.

ஒரே ஒரு கை. அந்த ஒரு கையைப் போட்டிருந்தால் எனக்கு அநேகமாக ஒரு படி மேலே பரிசு. சிப்ஸ் கணக்கில் கிங்-8 தள்ளியது தப்பில்லை என்று இன்றும் சொல்வேன், பரிசுக் கணக்கில் அது கைப்பணத்தைத் தூக்கி எறிந்தது. மூவர் மிச்சமிருக்கும்போது 50, 30, 20 என்ற பரிசுக்கு சிப்ஸ் 5,000, 3,000, 2,000 என்று இருந்தால், இருபது சதவீத சிப்ஸ் வைத்திருக்கிற கடைசி ஆளின் பங்கு 28.86. உட்கார்ந்திருப்பதற்கே அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

ஆக ஜூன் 3 காலையில் எழுதியதை இப்படித் திருத்துகிறேன்: உங்களைவிட மோசமான நிலையில் ஒருவர் இருந்து, பிளைண்ட் உங்களுக்கு முன் அவரை எட்டப்போகிறது என்றால் காத்திருங்கள். மேசையில் மட்டும் பார்க்காதீர்கள், எழுந்து அடுத்த மேசையையும் பாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், குளம் வற்றுவது உங்களுக்குத்தான்.

வாசகரே, அந்த 18 பேரில் உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள்?

ஜூன் 11

பதில் வந்தது. "அடுத்த மேசையைப் பார்க்கவில்லை."

இதற்காக வருத்தப்படாதீர்கள். பார்க்கும் பழக்கம் வர எனக்கும் அந்தக் கிங்-8 தேவைப்பட்டது.

ஜூன் 13

"தள்ளு அல்லது போடு, இடையில் ஒன்றும் இல்லை" என்றேன். பிக் பிளைண்டில் அது உண்மை இல்லை. ஒருவர் இரண்டு பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், மற்றவர்கள் போட்டுவிட்டார்கள் என்றால், நீங்கள் இன்னும் ஒன்று போட வேண்டும், நடுவில் நாலரை கிடக்கிறது. 18 சதவீதம்தான் விலை. ஏழெட்டு பிக் பிளைண்ட் மிச்சம் இருக்கும்போது அங்கே ஒரே சூட் 9-7-ஐப் போடுவது வீண். கால் செய்து முதல் மூன்று சீட்டைப் பாருங்கள், ஏதாவது ஒட்டினால் உள்ளே வையுங்கள். பிக் பிளைண்டில் இருப்பவரே ஆன்டி போடும் வழக்கம் வந்த பிறகு பழைய பாடங்களில் அதிகம் மாறியது இந்த இடம்தான், நான் பல வருடம் பழைய பழக்கத்திலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

அதேபோலப் பன்னிரண்டு, பதினைந்து பிக் பிளைண்டில் எல்லாவற்றையும் தள்ள வேண்டியதில்லை. சின்ன ரெய்ஸ் செய்து, யாராவது அதற்கு மேல் ரெய்ஸ் செய்தால் சீட்டைப் போட்டுவிடலாம். பதினைந்து, இருபதில் இருக்கும்போது அழகான இடம் வேறு: பட்டனில் இருப்பவர் சும்மா பிளைண்டைத் திருட ரெய்ஸ் செய்கிறார் என்று தெரிந்தால் அவர்மேல் ஆல்-இன் தள்ளுவது. அவருடைய ரெய்ஸும் சேர்ந்து நடுவில் கிடக்கிறது, அவர் கையில் பாதிக்குமேல் குப்பை.

முதலில் கால் செய்து, முதல் மூன்று சீட்டு விழுந்ததும் பார்க்காமல் தள்ளுகிற பழைய உத்தியைப் பற்றியும் கேட்டீர்கள். ஜோடி இல்லாத கை மூன்றில் இரண்டு தடவை அங்கே ஒட்டாது, அதுதான் அதன் அடிப்படை. நீங்கள் முதலில் ஆடுகிற இடத்தில் இருந்தால் மட்டும் செய்யலாம். இப்போது ரெய்ஸ்கள் சின்னதாகிவிட்டதால் நான் அதை அபூர்வமாகத்தான் தொடுகிறேன்.

ஜூன் 14

"ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்" என்பது ஜாக் ஸ்ட்ராஸின் கதை. 1982-இல் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. எல்லாம் போய்விட்டது என்று எழுந்தவர், நாப்கினுக்கு அடியில் ஒரே ஒரு 500 சிப் கிடப்பதைப் பார்த்தார், ஆல்-இன் என்று வாயால் சொல்லாததால் தொடர விட்டார்கள், அந்த ஒன்றிலிருந்து ஏறிப் போட்டியையே வென்றார் என்று சொல்வார்கள். அவர் அந்த வருடம் வென்றது பதிவில் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த கதை. ஆனால் காத்திருப்பதற்குச் சாட்சியாக இதைக் கூப்பிடாதீர்கள். ஒரு சிப்போடு யாரும் காத்திருக்க முடியாது. அவர் உடனே அதை உள்ளே வைத்தார், மறுபடி வைத்தார், மறுபடி வைத்தார். மூன்று பிக் பிளைண்டுக்கு வந்துவிட்ட பிறகும் நம்பிக்கை விடாதீர்கள் என்பதற்கு வேண்டுமானால் இதைச் சொல்லலாம். விளையாட்டு அங்கேயும் முடியவில்லை.

ஒரு சிப் என்றதும் ஞாபகம் வந்தது: ஒரு பிக் பிளைண்ட் அளவுதான் மிச்சம், நீங்கள்தான் பிக் பிளைண்ட் என்றால், அது ஆன்டிக்குப் போகிறதா பிளைண்டுக்குப் போகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆன்டி முதலில் என்றால் ஜெயித்தாலும் ஆன்டி மட்டும்தான் திரும்பி வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் கேட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் 29

வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். வேறு டோர்னமென்ட், 22 பேர் மிச்சம், 18 பேருக்குப் பரிசு. எட்டரை பிக் பிளைண்ட். பட்டனில் ஒரே சூட் குயின்-10. எழுந்து அடுத்த மேசையைப் பார்த்தாராம், அவருக்குக் கீழே ஒருவர்தான் இருந்தார், அவரும் நான்கு பிக் பிளைண்டோடு. இடதுபக்கம் பார்த்தார், ஸ்மால் பிளைண்ட் சீட்டை ஏற்கெனவே விரலில் தூக்கி வைத்திருந்தார். தள்ளினார். பிக் பிளைண்டில் இருந்தவர் ரொம்ப நேரம் யோசித்தார், தன் சிப்ஸை இரண்டாகப் பிரித்தார், சேர்த்தார், திரும்பவும் பிரித்தார். கடைசியில் ஏஸ்-8-ஐ மேசையில் திறந்து காட்டிவிட்டுப் போட்டார்.

இரண்டு சுற்று கழித்து ஸ்மால் பிளைண்டிலிருந்து கிங்-6 தள்ளினார், பிக் பிளைண்ட் 9 ஜோடியோடு கால், 19-ஆவதாக வெளியே. பரிசுக்கு ஒரே ஒரு இடம் குறைவு. "மறுபடி பபிள், ஆனால் இந்தத் தடவை கோபம் வரவில்லை, நான் செய்தது தப்பா என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறார்.

முதல் கையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதை நான் ஆடியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ஏஸ்-8-ஐப் போட வைத்த அந்த அரை நிமிடம்தான் ஷார்ட் ஸ்டாக்கின் முழுச் சொத்து.

கிங்-6 பற்றிச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த மேசையில் இருந்தவரிடம் எத்தனை பிக் பிளைண்ட் மிச்சம் இருந்தது, உங்களுக்கு இடதுபக்கம் பிக் பிளைண்டில் இருந்தவரிடம் எவ்வளவு இருந்தது? எழுதுங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.